முழுமையான நரம்பியல் பரிசோதனையில் என்னென்ன செய்வார்கள்? அப்பாவை அழைத்துச் செல்லும் முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 68. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களாக அவருடைய வலது கை, மடியில் சும்மா இருக்கும்போது மெல்ல நடுங்குகிறது. தேநீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் நடுக்கம் நின்றுவிடுகிறது. நடையிலும் வேகம் குறைந்துவிட்டது. பால் கணக்கு நோட்டில் அவர் எழுதும் எழுத்து, வரியின் கடைசிக்குப் போகப் போகப் பொடிந்துகொண்டே போவதை அம்மாதான் முதலில் கவனித்தார். எங்கள் குடும்ப மருத்துவர் நரம்பியல் மருத்துவரிடம் முழுமையாகப் பரிசோதித்துக்கொள்ளும்படி கடிதம் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் திருநெல்வேலியில் நேரம் வாங்கியிருக்கிறோம்.

அப்பாவோ வர மறுக்கிறார். எதிர் வீட்டுக்காரர் ஒருவர், "கரண்ட் வைத்துப் பார்ப்பார்கள், முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். உண்மையில் அந்த அறைக்குள் என்ன நடக்கும், வலிக்குமா, எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது விளக்கினால், அதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டிவிடுவேன். போவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு போவது நல்லது என்று என் மைத்துனர் சொல்கிறார்; அது சரியா என்றும் தெரியவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு, இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. இவை தவிர வாயுத் தொல்லைக்குக் காலையில் ஒரு கேப்சூல் போடுகிறார். எப்போதோ தலைசுற்றலுக்கு எழுதிக் கொடுத்த ஒரு மாத்திரையையும் இன்றுவரை விடாமல் போட்டுக்கொள்கிறார். பரிசோதனை நாளன்று இவற்றையெல்லாம் நிறுத்த வேண்டுமா?


முதுமருத்துவன் எழுதியது:

பொது மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நரம்பியல் நிபுணன் அல்லன். ஆனால் இத்தகைய பரிசோதனைகளைச் செய்தும், நிபுணர்கள் செய்வதை அருகிலிருந்து பார்த்தும் பழக்கம் உண்டு என்பதால் எழுதுகிறேன். உங்கள் தந்தையாரிடம் முதலில் சொல்ல வேண்டியது: நரம்பியல் பரிசோதனை என்பது பேசுவதும், பார்ப்பதும், தொடுவதும், தட்டுவதும்தான். அதில் மின்சாரமும் இல்லை, முதுகில் ஊசியும் இல்லை. அவை இரண்டும் தனிச் சோதனைகள். குறிப்பிட்ட சில நோய்களை ஐயுறும்போது மட்டும், காரணம் சொல்லி, சம்மதம் பெற்று, பெரும்பாலும் வேறொரு நாளில் செய்யப்படுபவை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளுக்கு அவை பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் சந்திப்பு முழுமையாக நடந்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். கூட்டம் மிகுந்த ஓ.பி.யில் அவ்வளவு நேரம் கிடைக்காது. அப்போது மருத்துவர் எல்லாவற்றையும் செய்யாமல், கதையைக் கேட்டுவிட்டு அது எந்தப் பக்கம் கை காட்டுகிறதோ அந்தப் பகுதியை மட்டும் ஆழமாகப் பார்ப்பார். அது அலட்சியம் ஆகாது. நல்ல நரம்பியல் மருத்துவர் உடம்பைத் தொடும் முன்பே, நோயாளி சொல்வதைக் கொண்டு இரண்டு மூன்று வாய்ப்புகளை மனத்தில் வைத்திருப்பார். பரிசோதனை என்பது அவற்றுள் எது நிற்கிறது, எது விழுகிறது என்று பார்ப்பதற்கே. ஆகவே முதல் பாதி நேரம் கேள்விகளிலேயே போனால் எரிச்சல் அடையாதீர்கள். எந்தக் கையில் தொடங்கியது, ஓய்விலா வேலையிலா, படிப்படியாகவா திடீரென்றா, மலச்சிக்கல் உண்டா, மணம் தெரிவது குறைந்திருக்கிறதா, இரவில் உறக்கத்தில் கத்துவதோ கை காலை வீசுவதோ உண்டா என்றெல்லாம் கேட்பார். நடுக்கத்துக்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு என்று அப்பா முணுமுணுக்கலாம். பார்க்கின்சன் (நடுக்கம், விறைப்பு, அசைவில் மந்தம் தரும் மூளை நோய்) வகை நோய்களில் மணம் குறைவதும் கனவில் கை வீசுவதும் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுவது உண்டு.

நடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மருத்துவரும் அங்கிருந்துதான் தொடங்குவார். உங்கள் தந்தையார் கதவைத் திறந்து நாற்காலி வரை வரும் அந்தச் சில அடிகளிலேயே பல செய்திகள் இருக்கின்றன: நடக்கும்போது எந்தக் கை வீசவில்லை, காலைத் தூக்கி வைக்கிறாரா தேய்த்து நகர்த்துகிறாரா, திரும்பும்போது ஒரே வீச்சில் திரும்புகிறாரா, பல சிறு அடிகளாக வைத்துத் திரும்புகிறாரா. 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி எழுதியபோது ஆறு பேரை மட்டுமே விவரித்தார். அவர்களுள் சிலரை அவர் தெருவில் மட்டுமே கண்டிருந்தார். பார்வைக்கு அவ்வளவு வலிமை உண்டு. பிறகு, அறையிலோ தாழ்வாரத்திலோ நடந்து காட்டச் சொல்வார்கள்; குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒரே கோட்டில் நடக்கச் சொல்வதும் உண்டு. கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொல்வார்கள். பாதம் எங்கே இருக்கிறது என்ற உணர்வு பழுதாகியிருந்தால், கண் திறந்திருக்கும்வரை நிற்பவர் கண்ணை மூடியதும் ஆடுவார். நீண்ட காலச் சர்க்கரை நோயிலும் பி12 வைட்டமின் குறைவிலும் இதைக் காணலாம். மருத்துவர் பக்கத்திலேயே கை நீட்டி நிற்பார், விழ விடமாட்டார்.

முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லி வைக்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மருத்துவர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு இரு தோள்களையும் சட்டென்று பின்னோக்கி இழுப்பார். ஓரிரு அடி பின்னால் வைத்துச் சமாளித்து நின்றுகொள்வது இயல்பு. பல அடி தள்ளாடினாலோ, அடியே வைக்காமல் மரம்போல் சாய்ந்தாலோ உடல் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளும் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். சொல்லாமல் செய்தால் பெரியவர்கள் பதறிவிடுவார்கள். நல்ல மருத்துவர் சொல்லிவிட்டே செய்வார்.

நடுக்கத்தைப் பார்க்கும் முறை சுவையானது. கைகளை மடியில் தளர்வாக வைக்கச் சொல்லிவிட்டு, 100இலிருந்து ஏழேழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொல்வார்கள். கணக்கில் மனம் போனதும், அதுவரை அடங்கியிருந்த ஓய்வு நடுக்கம் வெளியே வந்துவிடும். பிறகு கைகளை முன்னே நீட்டச் சொல்வார்கள்; தன் மூக்கையும் மருத்துவரின் விரலையும் மாறி மாறித் தொடச் சொல்வார்கள்; தாளில் ஒரு சுருள் வரையவும், ஒரு முழு வாக்கியம் எழுதவும் சொல்வார்கள். ஓய்வில் நடுங்கி, வேலையில் அடங்குவது ஒரு வகை. ஓய்வில் அடங்கி, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது சிந்துமளவு நடுங்குவது வேறு வகை. பிந்தியது பெரும்பாலும் இரு கைகளிலும் இருக்கும், குடும்பத்தில் பலருக்கும் இருக்கும், மருந்தும் வேறு. பால் கணக்கு நோட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்; பழைய பக்கங்களும் புதிய பக்கங்களும் சேர்ந்து இருப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி.

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து, வேகமாகத் தட்டச் சொல்வார்கள். வெறும் மெதுவாகத் தட்டுவதை மட்டும் அவர் பார்க்கவில்லை. தட்டத் தட்ட விரிவு குறைந்துகொண்டே போகிறதா, நடுவில் தயங்கி நிற்கிறதா என்பதே முக்கியம். பிறகு கையைத் தளர்த்தி விடச் சொல்லி மணிக்கட்டையும் முழங்கையையும் மருத்துவரே மடக்கி நீட்டுவார். அந்நேரத்தில் மற்றொரு கையை மூடித் திறக்கும்படி சொன்னால் வியக்க வேண்டாம். மறைந்திருக்கும் விறைப்பு அப்போதுதான் கைக்குத் தட்டுப்படும். பெரியவர்கள் பலர் மருத்துவருக்கு உதவுவதாக நினைத்துத் தாங்களே கையை அசைப்பார்கள். அப்பாவிடம், "கையை அவரிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்லி அனுப்புங்கள்.

தசைவலிமையை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள்: 5 என்றால் முழு வலிமை, 3 என்றால் எதிர்ப்பு இல்லாதபோது மட்டும் புவியீர்ப்பை மீறித் தூக்க முடிகிறது, 0 என்றால் அசைவே இல்லை. "என் கையைத் தள்ளுங்கள், இழுங்கள்" என்று மருத்துவர் சொல்லும்போது மரியாதைக்காக மெல்லத் தள்ளாமல் முழு பலத்தையும் காட்ட வேண்டும்.

அடுத்தது எல்லோரும் அறிந்த சுத்தியல். ரப்பர் தலை கொண்டது. முழங்காலிலும், முழங்கையிலும், கணுக்காலின் பின்புறத்திலும் தசைநாணை லேசாகத் தட்டும். வலி இராது. தட்டியதும் கால் துள்ளுவதை முதன்முதலில் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் 1875இல் தனித்தனியே எழுதினார்கள்; இன்றுவரை அதைவிட மலிவான சோதனை வரவில்லை. எதிர்வினை மிகையாக இருந்தால் மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு இருக்கக்கூடும். அறவே இல்லாவிட்டால் பெரும்பாலும் வெளி நரம்புகளில். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள வேறுபாடுதான் முதன்மையானது, ஏனெனில் இயல்பாகவே சிலருக்குத் துள்ளல் அதிகம், சிலருக்குக் குறைவு. சுத்தியலின் கைப்பிடியாலோ சாவியாலோ உள்ளங்காலின் வெளி ஓரமாகக் கீறுவார்கள். இதுதான் சற்றுக் கூச்சமாகவும் உறுத்தலாகவும் இருக்கும். பெரியவர்களுக்குப் பெருவிரல் கீழே மடங்க வேண்டும். மேலே எழும்பினால் மூளையிலிருந்து இறங்கும் பாதையில் எங்கோ பழுது. பபின்ஸ்கி 1896இல் சொன்ன குறி இது.

தலையைச் சேர்ந்த பன்னிரண்டு நரம்புகளை வரிசையாகப் பார்ப்பது நீளமாகத் தோன்றினாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்: விரலைக் கண்ணால் தொடர்வது, கண்ணை இறுக மூடுவது, பல்லைக் காட்டுவது, நாக்கை நீட்டுவது, தோளைக் குலுக்குவது. உங்கள் தந்தையாருக்கு இதில் முக்கியமானது, கண் மேலும் கீழும் தடையின்றி நகர்கிறதா என்பது. பார்க்கின்சன் போலவே தோன்றும் வேறொரு நோயில் அந்த அசைவு, குறிப்பாகக் கீழ்நோக்கிய பார்வை, தடைபடும். விளக்கைக் குறைத்துவிட்டு ஒரு கருவியால் கண்ணின் உட்புறத்தைப் பார்ப்பதும் உண்டு. பஞ்சு, மழுங்கிய ஊசி, நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவை ஆகியவற்றைக் கொண்டு தொடு உணர்வைச் சோதிப்பார்கள். இசைக்கவையைக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா, எப்போது நிற்கிறது என்று கேட்பார்கள். சர்க்கரை உள்ளவருக்கு இதை விட்டுவிடக் கூடாது. மறந்தால் நீங்களே நினைவூட்டலாம்.

படுத்த நிலையிலும், எழுந்து நின்ற பின் மூன்று நிமிடங்களுக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அது ஒரு செய்தி. தலைசுற்றல் மாத்திரை போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுற்றலே இந்த வீழ்ச்சியால் வந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

இறுதியாக, அந்த வாயு கேப்சூலின் பெயரையும் தலைசுற்றல் மாத்திரையின் பெயரையும் இங்கே எழுதுங்கள். காரணத்தை அப்போது சொல்கிறேன்.


கொங்குச்சீமை எழுதியது:

முதுமருத்துவன் ஐயா எழுதியதற்கு மேல் மருத்துவமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என் மாமியாரை இதே போன்ற பரிசோதனைக்குக் கோயம்புத்தூரில் அழைத்துச் சென்றவள் என்ற முறையில், உடன் செல்பவர்கள் கவனிக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் தளர்வான அரைக்கைச் சட்டையும், வேட்டிக்குள் அரைக்கால் சட்டையும் போட்டுக் கூட்டிச் செல்லுங்கள். முழங்காலுக்கு மேல் வரை துணியை ஒதுக்க வேண்டியிருக்கும். தயாராக இருந்தால் கூச்சம் இல்லை. எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு போதும். கண்ணாடி, காது கருவி இருந்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். எங்கள் முறை வந்தபோது கண்ணாடி வீட்டில் இருந்ததால், படிக்கச் சொன்னதும் வரையச் சொன்னதும் தள்ளிப்போயின.

நினைவாற்றல் சோதனையும் வைக்கக்கூடும். தமிழிலேயே வினாத்தாள் இருக்கிறது, மொத்தம் 30 மதிப்பெண். தேதி, கிழமை, கடிகாரம் வரைந்து அதில் ஒரு நேரத்தைக் காட்டுவது, ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது என்று போகும். இந்த இடத்தில்தான் வீட்டாருக்கு நாக்கு அரிக்கும். என் மாமியார் கிழமையை யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற என் கணவர் "வியாழக்கிழமை அம்மா" என்று சொல்லிவிட்டார். மருத்துவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "நான் அம்மாவிடம்தான் கேட்டேன்" என்றார், கோபமில்லாமல்தான். உங்கள் அப்பா ஆசிரியர் என்பதால் இதைப் பரீட்சையாக நினைத்துப் பதறவும் கூடும். தேர்ச்சி, தோல்வி என்று ஒன்றும் இல்லை, எந்த வகைக் கேள்வியில் தடுமாறுகிறார் என்பதுதான் மருத்துவருக்கு வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்மாவைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். இரவில் உறக்கத்தில் என்ன நடக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதே நேரத்தில், அப்பா முன்னிலையில் சொல்லத் தயங்கும் செய்திகள் அம்மாவுக்கு இருக்கலாம்: கோபம், சந்தேகம், இல்லாத ஆளைப் பார்ப்பதாகச் சொல்வது போன்றவை. அவற்றை ஒரு தாளில் எழுதி, வரும்போதே மருத்துவரிடம் கொடுத்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. வீட்டில் நடப்பதையும் சட்டைப் பொத்தான் போடுவதையும் கைபேசியில் சிறிய காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பல பெரியவர்கள் ஏதோ ஒரு வேகத்தில் நன்றாக நடந்துகாட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தபின் பழைய கதைதான்.


நேர்பேச்சு எழுதியது:

நீங்கள் எல்லோரும் இவ்வளவு எழுதியபின் மாற்றுக் கருத்துச் சொல்வதற்கு மன்னிக்கவும். நடைமுறையில், தனியார் மருத்துவமனைகளில் மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுப்பதுதான் நடக்கிறது. எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள் என்றால், முன்பே எடுத்துக்கொண்டு போனால் ஒரு அலைச்சலும் ஒரு கட்டணமும் மிச்சம். சுத்தியல், பஞ்சு எல்லாம் ஸ்கேன் இல்லாத காலத்தின் கருவிகள்தானே? என் அனுபவத்தில் படத்தைப் பார்த்த பிறகுதான் மருத்துவரே நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார்.


இயன்முறை எழுதியது:

நரம்பியல் பிரிவில் இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். நேர்பேச்சு சொல்லும் ஐந்து நிமிட அனுபவம் பலருக்கும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தீர்வு ஸ்கேனை முன்னால் வைப்பதாக இருக்க முடியாது.

எம்.ஆர்.ஐ. மையத்துக்கு மருத்துவரின் சீட்டு இல்லாமல் போனால், "மூளையா, கழுத்தா, இடுப்பா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு விடை சொல்வதே பரிசோதனையின் வேலை. கால் தேய்ந்து நடப்பதற்குக் காரணம் மூளையிலும் இருக்கலாம், கழுத்துத் தண்டுவடம் நசுங்குவதிலும் இருக்கலாம். கைகளில் தசை இளைத்து, கால்களில் துள்ளல் மிகுந்து, பெருவிரல் மேலே எழும்பினால் கழுத்தைப் பார்க்க வேண்டும் என்று சுத்தியல் சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் மூளையை மட்டும் படமெடுத்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்ற அறிக்கையோடு வீட்டிலேயே இருந்துவிட்டு, நடை மேலும் கெட்ட பிறகு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பொருந்துவது. பார்க்கின்சன் நோயில் சாதாரண எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். நோயை உறுதிசெய்வது கதையும் பரிசோதனையும் மருந்துக்கு உடல் காட்டும் பதிலும்தான். படம் எடுப்பது வேறு காரணங்களை விலக்குவதற்கு: சிறு சிறு இரத்தக்குழாய் அடைப்புகள், மூளை நீர் தேக்கம், கட்டி போன்றவை. 68 வயதில் படமெடுத்தால், நோயோடு தொடர்பில்லாத வயதின் அடையாளங்கள் ஏதாவது அதில் பெரும்பாலும் இருக்கும். அறிக்கையில் அவற்றைப் படித்துவிட்டுக் குடும்பமே உறக்கமின்றித் தவிப்பதை வாரந்தோறும் காண்கிறோம். சி.டி. ஸ்கேன் முதன்முதலில் நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971இல், லண்டனில். அதற்கு முன் நூறாண்டுகளாகப் பழுது எங்கே என்று கைகளாலேயே கண்டுபிடித்தவர்கள் உருவாக்கிய முறை இது. ஸ்கேன் வந்தபின் அது பழசாகிவிடவில்லை, எதை ஸ்கேன் செய்வது என்று சொல்லும் பொறுப்பு அதற்குக் கூடியிருக்கிறது.

எதிர் வீட்டுக்காரர் சொன்ன "கரண்ட்" பற்றி: அது நரம்பு கடத்தல் சோதனை. கை கால்களில் மரத்துப் போதல், எரிச்சல், தசை இளைப்பு உள்ளவர்களுக்குச் செய்வது. சிறு மின்துடிப்புகள் சுளீர் என்று இருக்கும், தாங்கக்கூடியவைதான். உங்கள் அப்பாவுக்குப் பாதத்தில் உணர்வுக் குறைவு தெரிந்தால் ஒருவேளை அதற்கு எழுதலாம். நடுக்கத்துக்காக எழுத மாட்டார்கள்.


பொருநைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஐயா எழுதியதை அப்பாவுக்கு உரக்கப் படித்தேன். ஜேம்ஸ் பார்க்கின்சன் தெருவில் பார்த்து எழுதியதைக் கேட்டதும், "அப்படியானால் நம் தெருக்காரனும் என்னைப் பார்த்து எழுதியிருப்பான்" என்றார். வருவதற்கு ஒப்புக்கொண்டுவிட்டார். முதுகில் ஊசி இல்லை என்பதை மட்டும் இரண்டு தடவை திரும்பப் படிக்கச் சொன்னார்.

மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். வாயு கேப்சூலில் ராபெப்ரசோல், லெவோசல்பிரைடு என்று இரண்டு மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. தலைசுற்றல் மாத்திரையின் பெயர் சின்னரிசின். எப்போது தொடங்கினார் என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டித் தொடர்ந்து வாங்கி வந்திருக்கிறார். இவற்றில் ஏதேனும் சிக்கலா?

மேலும், மருத்துவரே "பார்க்கின்சன்" என்று சொன்னால் அப்பா தாங்குவாரா என்ற அச்சம் அம்மாவுக்கு இருக்கிறது. முதலில் எங்களிடம் மட்டும் தனியே சொல்லும்படி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாமா?


முதுமருத்துவன் எழுதியது:

நான் எதிர்பார்த்த இரண்டு பெயர்களையே எழுதியிருக்கிறீர்கள். லெவோசல்பிரைடு, சின்னரிசின் ஆகிய இரண்டுமே உடல் அசைவுக்கு மூளை பயன்படுத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் செயல்படுவதைத் தடுக்கக்கூடியவை. நீண்ட காலம் எடுத்துக்கொள்ளும் முதியவர்களுக்கு நடுக்கம், விறைப்பு, தளர்ந்த நடை ஆகியவற்றைத் தரக்கூடும். பார்ப்பதற்கு அசல் பார்க்கின்சன் போலவே இருக்கும். சின்னரிசினோடு ஃப்ளூனரிசினையும், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடையும் இதே வரிசையில் வைத்துச் சொல்வார்கள். வாயு, தலைசுற்றல் என்ற இரண்டு எளிய தொல்லைகளுக்காகச் சில வாரங்களுக்கென்று எழுதப்பட்ட மருந்துகள், கடையில் கேள்வியின்றிக் கிடைப்பதால் ஆண்டுக்கணக்கில் ஓடுவது நம் ஊரில் மிகச் சாதாரணம். அப்பாவைப் பார்க்கும் நரம்பியல் மருத்துவருக்கு உங்களிடமிருந்து கிடைக்கப்போகும் செய்திகளிலேயே இதுதான் தலையாயது.

ஆனால் இதை வைத்து, "மருந்தால் வந்ததுதான், நோய் இல்லை" என்று இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். மருந்தால் வருவது பெரும்பாலும் இருபுறமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். உங்கள் தந்தையாருக்கு வலது கையில் மட்டும் இருக்கிறது, எழுத்தும் சிறுத்திருக்கிறது. உள்ளே மெல்லத் தொடங்கிக்கொண்டிருந்த நோயை மருந்து சற்று முன்னதாக வெளியே கொண்டுவந்திருக்கவும் கூடும். மணம் தெரிவது எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு இங்கேதான் மதிப்பு வருகிறது: மருந்தால் மட்டும் வந்த நடுக்கத்தில் மூக்கு பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. மருத்துவர் ஒவ்வொரு மூக்குத் துளையாக மூடச் சொல்லி, கண்ணை மூடவைத்து, காப்பித்தூளையோ சோப்பையோ முகரக் கொடுத்தால் அதைத் தட்டிக் கழிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

மருந்துகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். உங்கள் குடும்ப மருத்துவரை இன்றோ நாளையோ தொலைபேசியில் அழைத்து இந்த இரண்டு பெயர்களையும் சொல்லுங்கள். இப்போதே நிறுத்துவதா, நிபுணர் பார்க்கும்வரை காத்திருப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும். நிறுத்தினாலும் மறுநாளே நடுக்கம் போய்விடாது. வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதனால்தான் நரம்பியல் மருத்துவர் முதல் நாளில் எந்தப் பெயரும் சொல்லாமல், மருந்துகளை நிறுத்திவிட்டுச் சில மாதங்கள் கழித்து வரச் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் "ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை" என்று வேறு மருத்துவரைத் தேடி ஓடாதீர்கள். இரண்டாவது முறை அதே விரல் தட்டலையும் அதே நடையையும் பார்த்து, முதல் நாள் குறிப்போடு ஒப்பிடுவதும் பரிசோதனையின் பகுதியே. முதல் சந்திப்பின் குறிப்புகளை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; கையெழுத்து புரியாவிட்டால் எந்தக் கை, எந்தக் கால், எவ்வளவு விறைப்பு என்பதை அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தனியே சொல்லும்படி கேட்பது பற்றி என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நடுங்குவது அவருடைய கை. வாழ்நாள் முழுவதும் பாடம் நடத்தியவருக்குத் தன் உடம்பைப் பற்றிய பாடத்தை மறைப்பது எளிதும் அன்று, நியாயமும் அன்று. மாத்திரையை வேளை தவறாமல் போடுவதும், உடற்பயிற்சியை விடாமல் செய்வதும் அவர் கையில்தான் இருக்கின்றன. பெயர் தெரியாத நோய்க்கு அவ்வளவு அக்கறையோடு யாரும் மருந்து சாப்பிட மாட்டார்கள். மருத்துவரிடம் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, மறைக்கும்படி அன்று. நிதானமாக, அப்பாவைப் பார்த்து, தமிழில் சொல்லும்படி. பார்க்கின்சன் என்றே உறுதியானாலும், அது மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய் என்பதையும், முதல் சில ஆண்டுகளில் பலர் தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் முதலில் கேட்டதற்கு விடை பாக்கி இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பரிசோதனை நாளிலும் வழக்கம்போல் போட்டுக்கொள்ளட்டும். இரத்தப் பரிசோதனைக்கென்று தனியாகச் சொல்லியிருந்தாலன்றிப் பட்டினியாக வரத் தேவையில்லை. காலை உணவைக் கட்டாயம் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு ஓ.பி. வரிசையில் மதியம்வரை உட்கார்ந்திருந்தால், நோய் இல்லாத இடது கையும் சேர்ந்து நடுங்கத் தொடங்கிவிடும்.